காத்திருந்தோர் வரலாறு

தெஹிவளையில் காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் நாம் குடியிருக்கின்றோம். மாலை வேளைகளில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் வரலாற்றுப் பாடங் கேட்க நம்மிடம் வருவதுண்டு. 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், பாடம் முடிந்த பின்னரும் எழுந்து போகாமல் அவர்கள் தமக்குள் வாதிட்டுக் கொண்டிருந்தனர். பரீட்சை பற்றிய வாதம் என்றே முதலில் எண்ணினோம். உற்றுக் கேட்டபோதுதான், ‘டொக்டர் ஹூ’ என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் மீண்டும் ஒழுங்காக வருமா, அன்றி நின்றேவிடுமா என்பதே அவர்களது கவலையென விளங்கிற்று. உடனிருந்த நண்பரொருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சிரித்துவிட்டார். நாட்டிலே விலைவாசி இருக்கின்ற இருப்பில் சீமைப் பிள்ளைகளின் விளையாட்டுக்காக இவ்வளவு துக்கமா என்பது அவர் கருத்து.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கதை நிறுத்தப்பட்ட பின்னர் அதனைக் கேட்டிருந்த மக்கள் அது மீண்டும் வரும் என்று எத்தனையோ ஆண்டுகள் நம்பியிருப்பார்களாயின், அந்நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதுவோர் குறைவு. நிலையத் தலைவர்களின் தீர்மானங்களே பெரும்பாலும் பதிவாகின்றன. வரவேற்பறையிற் குந்தியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது பதிவாவதில்லை.

தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23ஆந் திகதி, சனிக்கிழமை. முந்திய நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். உலகமே அச்செய்தியில் மூழ்கியிருந்தமையால், அடுத்த வாரம் முதற்பகுதியை மறுபடியும் காட்ட வேண்டியதாயிற்று. பழைய பொலிஸ் தொலைபேசிக் கூண்டு ஒன்றின் வடிவிலமைந்த கலத்தில் காலத்தையும் அண்டவெளியையும் கடந்து செல்லும் ஒரு முதியவர். அவருடன் அவர் பேத்தியும் இரு பள்ளி ஆசிரியர்களும். ஆம், வரலாற்றாசிரியை ஒருத்தியும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும். பிள்ளைகளுக்கு வரலாறும் விஞ்ஞானமும் புகட்டுவதே முதல் நோக்கமாயிருந்தது. நம்மைப் போன்றோர் கதாநாயகராகத் தொடங்கிய தொடர் என்று நண்பரிடம் கூறியபோது அவருடைய சிரிப்பு சற்றே அடங்கிற்று.

அதனை உருவாக்கியவர்களையும் நோக்குதல் தகும். தயாரிப்பாளர் வெரிற்றி லம்பேட் என்ற இருபத்தேழு வயதுப் பெண். ஆடவர் ஆட்சி நிலவிய நாடகப் பிரிவின் தயாரிப்பாளருள் அக்காலை பெண் அவர் ஒருவரே. முதற்கதையை நெறிப்படுத்தியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவிற் பிறந்தவர், வயது இருபத்துநான்கு. அவர் தாயார் அத்தியா ஹொசைன், ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியை, இந்திய முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் தாக்கத்தைப் பெற்றவர். 1936இல் பிரேம்சந்த் தலைமையில் அவ்வியக்கத்தின் மாநாடு கூடியதும் அதே லக்னோவிலேயாம். அந்த அலை 1954இல் நம் நாட்டிலும் முற்போக்கு எழுத்தாளர் சங்கமாக உருப்பெற்றது. ஆகவே இது வெள்ளையர் வீட்டுப் பொருள், நமக்கு இதில் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

தொடருக்குப் புகழைத் தேடித் தந்தவை ‘டாலெக்’ என்னும் இயந்திரப் பகைவர். தம்மினமல்லாதாரை அழிப்பதே அவற்றின் ஒரே கொள்கை. அவற்றைக் கற்பித்த ரெரி நேசன் என்னும் எழுத்தாளர் நாஜிகளை மனத்திற்கொண்டே அவ்வாறு அமைத்தார். எழுத்தாளருக்கு அதன் உரிமையிற் பங்கு கிடைத்தது. 1964, 65இல் விளையாட்டுப் பொம்மைகள் கடைதோறும் விற்றபோது அவர் செல்வரானார். ஆயின் பிள்ளைகள் கண்டு நடுங்கிய அந்த உருவத்தை வரைந்தவர் ரேமண்ட் கியூசிக் என்ற மாதச் சம்பளக்காரர். அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு அன்பளிப்புத் தொகை மாத்திரமே. பின்னர் வரும் கதைக்கு இது தேவைப்படும், நினைவிற் கொள்க.

1966இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னல் நோயுற்றார். கதாநாயகன் இல்லாவிடில் கதை முடிய வேண்டியதுதானே? அவர்கள் ஒரு வழி கண்டனர்: உடல் தளர்ந்தபோது டொக்டர் வேறோர் உடலாக மாறிவிடுவார். நடிகரின் சுகவீனத்திலிருந்து பிறந்த இந்த ஏற்பாடுதான் தொடரின் ஆயுளை நீட்டிற்று. அத்தோடு, இரசிகர் மனத்தில், முடிவு என்பது முடிவல்ல என்ற எண்ணத்தையும் அது ஆழ ஊன்றிவிட்டது. பிற்காலத்தில் அவர்கள் பதினாறு ஆண்டுகள் சலியாது காத்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமென நாம் கருதுகின்றோம்.

இனி, நாம் இத்தொடரை மதிப்பதற்குரிய கதையைச் சொல்கின்றோம். 1970இல் ஏழு பகுதிகளாக வந்தது. எழுதியவர் மல்கம் ஹல்க், ஒருகாலத்தில் பிரித்தானிய கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராயிருந்தவர். நிலத்தடிக் குகைகளில் ஊர்வன வகையைச் சார்ந்த ஓர் அறிவுடைய இனம் உறங்கிக் கிடக்கின்றது. மனிதன் தோன்றுமுன்னர் உலகை ஆண்ட இனம் அது. அணுசக்தி ஆராய்ச்சி நிலையமொன்றின் செயலால் அவை விழித்தெழுகின்றன. நிலம் எங்களுடையது என்கின்றன அவை. இப்போது வாழ்வோர் நாங்கள் என்கின்றனர் மனிதர். எவர் முந்தியவர், எவர் பிந்தியவர் என்ற வழக்கு எவ்வாறெல்லாம் போகும் என்பதை இத்தீவிலுள்ளோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. டொக்டர் இரு சாராரிடமும் போகின்றார். இரு பக்கத்திலும் சமாதானத்தை விரும்புவோர் இருக்கின்றனர். ஊர்வனவற்றின் மூத்த தலைவர் இணங்கிவரும் வேளையில் தன்னினத்து இளையவனாலேயே கொல்லப்படுகின்றார். ஈற்றில் அவை மீண்டும் உறக்கத்திற்குப் புகுந்த பின்னர், பேச்சைத் தொடரலாமென்று டொக்டர் நம்பியிருக்க, இராணுவ அதிகாரி குகைகளை வெடிவைத்துத் தகர்த்துவிடுகின்றார். பிள்ளைகளுக்கான சனிக்கிழமை நிகழ்ச்சியின் முடிவு இது! நம் மாணவருக்கு இக்கதையை நாம் எடுத்துக் கூறியபோது நீண்ட நேரம் அறையில் ஓசையில்லை.

1973இல் வந்த இன்னொரு கதை வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றில் இரசாயனக் கம்பனியின் கழிவினால் நேர்ந்த கேட்டைச் சொல்லிற்று. எல்லாக் கதையும் இத்தகையனவென்று கூறுவதற்கில்லை. வெறும் ஓட்டமும் துரத்தலும் நிறைந்தவையே பல. அட்டைப் பாறைகள் ஆடுவதும் கண்ணுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் அக்காலத்தில் நாம் கண்டோமில்லை. இலங்கையில் அன்று தொலைக்காட்சியே கிடையாது. செய்மதி வழியே உலகெங்கும் ஒலி, ஒளி அலைகளைப் பரப்பலாமென்று 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் நம்மிடையே வாழ்ந்தார். 1975இல் இந்தியா தன் கிராமங்களுக்குச் செய்மதி மூலம் நிகழ்ச்சிகளை அனுப்பியபோது அவருடைய கொழும்பு வீட்டிலும் ஓர் ஏற்பி நிறுவப்பட்டது. விஞ்ஞானக் கதையின் பேராசான் நடந்துதிரிந்த நகரத்தில் விஞ்ஞானக் கதைத் தொடரைப் பார்க்க வழியிருக்கவில்லை. 1979 ஏப்ரல் 13ஆந் திகதி சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிற்று. அதன் அலை கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் மாத்திரமே எட்டிற்று. அரசின் ரூபவாகினி 1982இல் வந்தது. அதுவரை நமக்கிருந்தது வானொலி.

தொடர் நிறுத்தப்பட்ட கதைக்கு வருவோம். இதில் அமெரிக்க முன்னுதாரணம் ஒன்றுண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் தொடரை 1968இல் நிறுத்தப் போகின்றார்கள் என்ற செய்தி பரவியபோது, அதன் இரசிகர் கடிதப் போர் தொடுத்தனர். வந்த கடிதங்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. கலிபோர்னியாவில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் நிலையத்தின் வாசல் வரை ஊர்வலமும் போயினர். நிலையம் பணிந்தது; தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அதன்பின் செய்ததையும் பார்க்க வேண்டும்: இளைஞர் வீட்டிலிராத வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அதனைத் தள்ளி, செலவையும் குறைத்து, அடுத்த ஆண்டே மூடிவிட்டது. 1969 ஜூன் 3ஆந் திகதி கடைசிப் பகுதி போயிற்று. ஏழு வாரங்களுக்குள் மனிதன் சந்திரனில் இறங்கினான். வேலைநிறுத்தத்தை முடிக்கக் கோரிக்கையை ஏற்பதுபோல் ஏற்றுப் பின்னர் ஆலையையே மூடும் முதலாளியின் தந்திரத்தை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. ஆயினும் இரசிகர் ஓயவில்லை. மறு ஒளிபரப்புகள் புதியவர்களைச் சேர்த்தன. 1972இல் நியூயோர்க்கில் கூடிய கூட்டம் எதிர்பார்த்ததைப் பன்மடங்கு விஞ்சிற்று. 1976இல் அவர்கள் எழுதிய கடிதங்களினாலேயே அமெரிக்காவின் முதல் விண்ணோடத்திற்குக் கதையிலுள்ள கப்பலின் பெயர் சூட்டப்பட்டது. 1979இல் திரைப்படமாகவும் 1987இல் புதிய தொடராகவும் அது திரும்பிற்று.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1985இல் பி.பி.சி. தொடரைப் பதினெட்டு மாதங்கள் ஒத்திவைத்தது. பத்திரிகைகளிற் கூக்குரல் எழுந்தது. இரசிகர் சிலர் பாடகரைத் திரட்டி இசைத்தட்டு ஒன்றும் வெளியிட்டனர். கேட்டுப் பார்த்தோம்; நோக்கம் நல்லது என்பதற்கு மேல் அதைப் பற்றிக் கூறுவதற்கில்லை. தொடர் மீண்டு வந்தாலும் மற்றை நிலையத்தின் மிகப் பிரபலமான குடும்பத் தொடர் நடக்கும் நேரத்தில் அதனை நிறுத்தினர். பார்வையாளர் தொகை வீழ்ந்தது. எனினும் அந்த இறுதி ஆண்டுகளிலேதான் அதன் எழுத்து மீண்டும் கூர்மை பெற்றது. 1988இல் வந்த ஒரு கதையில், துக்கமாயிருப்பதே குற்றமென்று சட்டஞ் செய்து, சிரிக்காதவரைக் கொல்விக்கும் ஆட்சித் தலைவி வருகின்றாள். அவள் அன்றைய பிரதமர் தாட்சரின் நிழல் என்பதை அறியாதார் இல்லை. அரசியலின் காரணமாகவே தொடர் மூடப்பட்டது என்று சொல்லுவோரும் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. நிலையத்துப் பெரியோர் அதனைக் கவனித்துப் பார்த்திருந்தாலல்லவா கோபங் கொள்வதற்கு! அலட்சியமே காரணமெனத் தோன்றுகின்றது. 1989 டிசம்பர் 6ஆந் திகதி, இருபத்தாறாவது பருவத்தின் முடிவில், தொடர் நின்றது. நிறுத்திவிட்டோம் என்று எவரும் வெளிப்படையாகக் கூறவில்லை. சற்றே தாமதம் என்றார்கள். அந்தத் தாமதம் பதினாறு ஆண்டுகள் நீடித்தது.

அவ்வாண்டுகளில் இரசிகர் செய்தவை இரண்டு. ஒன்று, தாமே ஆக்கியது. 1991 முதல் புதிய நாவல்கள் வெளிவந்தன. அனுபவமில்லாதோரின் கையெழுத்துப் பிரதிகளையும் பதிப்பகத்தார் ஏற்றனர். 1999 முதல் பழைய நடிகரைக் கொண்டே ஒலி நாடகங்கள் செய்தனர். நாவல் எழுதியவர்களுள் ஒருவரான ரசல் ரி. டேவிஸ் பின்னர் தொலைக்காட்சியில் பெயர் பெற்று, 2003இல் தொடரை மீட்கும் பொறுப்பைப் பெற்றார். 1974இல், பதினைந்து வயதில், நிகழ்ச்சிப் பத்திரிகைக்குப் பாராட்டுக் கடிதம் எழுதிய பீற்றர் கபால்டி என்னும் சிறுவன் 2013இல் டொக்டராகவே வந்தார். 1986இல் தொலைக்காட்சி மேடையில் எழுந்து தொடரின் குறைகளைக் கூறிய பதின்ம வயதினர் கிறிஸ் சிப்னல், 2018இல் அதன் தலைமை எழுத்தாளரானார்.

மற்றொன்று, காத்தது. இதுவே நமக்கு முக்கியமானது. 1960களின் இறுதி முதல் 1970களின் பிற்பகுதி வரை பி.பி.சி. தன் நாடாக்களைத் தானே அழித்துக் கொண்டிருந்தது. நாடா விலையுயர்ந்தது; மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் எல்லையிட்டது; வர்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளைக்கு மதிப்பில்லை. கணக்கன் பார்வையில் எல்லாம் நியாயமே. முதல் ஆறு பருவங்களின் 253 பகுதிகளுள் பெருந்தொகையானவை இவ்வாறு ஒழிந்தன. சந்திரனில் மனிதன் இறங்கிய இரவின் ஒளிபரப்பையே காப்பாற்றாத நிலையம் பிள்ளைகளின் நிகழ்ச்சியையா காப்பாற்றும்? ஆனால் அந்நாட்களில் சில பையன்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து, வீட்டாரைப் பேசாதிருக்கும்படி கெஞ்சி, ஒலியை மாத்திரம் பதிந்து வைத்திருந்தனர். அதனால் காட்சி போன பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று இருக்கின்றது. ஒன்றேனும் விடுபடவில்லை. வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட படச்சுருள்களும் கிடைத்தன. 1992இல் ஹொங்கொங்கிலிருந்து ஒரு முழுக்கதை வந்தது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையமொன்றில் தூசியடைந்து கிடந்த ஒன்பது பகுதிகள் வெளிவந்தன. அதன்பின்னும் எஞ்சியவை 97 எனக் கணக்கிட்டனர். பேரரசின் தலைநகர் எறிந்ததை அதன் முன்னைய குடியேற்ற நாடுகள் வைத்திருந்தன.

இதை எழுதும்போது நம் கை சற்றுத் தயங்குகின்றது. நமக்கும் கதைத் தொடர்கள் இருந்தன. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ ஒலித்த வேளையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு வாசல்களில் அயலார் கூடுவர். ‘கோமாளிகளின் கும்மாளம்’ பெற்ற வரவேற்பினால் 1976இல் அது ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவே ஆயிற்று. அந்தக் காலம் திரும்ப வருமா என்று பெருமூச்செறிவோர் இன்றும் நம்மைச் சூழ உளர். நம்மில் எத்தனைபேர் பதிந்து வைத்தோம்? பதிந்து வைத்தவர்களது நிலைதான் என்ன? 1983 ஜூலையில் இத்தெருக்களில் எரிந்த வீடுகளோடு புத்தகங்களும் புகைப்படங்களும் ஒலிநாடாக்களும் எரிந்தன. ஹெந்தளையில் தமிழரான குணரத்தினத்திற்குரிய விஜயா ஸ்ரூடியோவுக்குத் தீ வைத்தபோது அங்கே சாம்பலாயின பெரும்பாலும் சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள். தீ வைத்தவர்கள் தம் குழந்தைகளுக்குரியதையே எரித்தார்கள். பி.பி.சி.யின் கணக்கனுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறுக்கவில்லை.

2005 மார்ச் 26ஆந் திகதி டொக்டர் திரும்பினார். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அன்றிரவு பார்த்தனர். 1996இல் அமெரிக்கப் பணத்துடன் எடுத்த தனிப்படம் தொடராக வளராமலே நின்றுவிட்டது; வெற்றி பெற்றதோ வேல்ஸின் கார்டிஃப் நகரில், விளம்பரமின்றி, மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் எடுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை நாம் தற்செயலென்று கொள்ளவில்லை. ஆனால் பி.பி.சி.யின் வருவாயை அரசு நெருக்கிற்று. 2022இல் டிஸ்னி கம்பனியோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். பணம் வந்தது, காட்சிகள் பளபளத்தன. ருவாண்டாவிற் பிறந்த என்குட்டி கட்வா டொக்டரானார். கேரளத்திற் பிறந்த வரதா சேது அவரது துணையாக நடித்தார். 1963இல் லக்னோ இளைஞர் ஒருவர் திரைக்குப் பின்னால் நின்ற தொடரில் நம் பக்கத்து முகம் திரைக்கு முன்னே நின்றது. 2025 மே மாத இறுதியில் கட்வா விலகினார். ஒக்டோபரில் டிஸ்னியும் விலகிற்று. 2026 நத்தாருக்கு ஒரு சிறப்புப் பகுதி வரும் என்பதே அப்போது பி.பி.சி. தந்த வாக்கு. கட்டுரையின் தொடக்கத்தில் நம் மாணவர் வாதிட்டது இதைப் பற்றியே.

அவர்களிடம் நாம் ஆரூடம் கூறவில்லை. திரும்பி வருவதற்கு உழைத்தவர் பலர். உரிமை என்னவோ கம்பனிகளுடையதும் நிலையத்தினுடையதும். கியூசிக்கிற்கு 1963இல் நேர்ந்தது, சம்பளமின்றிப் பதினாறு ஆண்டுகள் அக்கதையைக் காத்த இரசிகர்க்கும் வேறு வடிவில் நேர்ந்தது. எழுத்தாளராயினோர் சிலரே, ஏனையோர் மீண்டும் பார்வையாளராகவும் வாங்குவோராகவும் அமர்ந்தனர். இதைச் சொன்னபோது மாணவருள் ஒருவர், அப்படியானால் அந்தப் பையன்கள் பதிந்த ஒலி எவருக்குச் சொந்தம் என்று வினவினார். சட்டப்படி பி.பி.சி.க்கு என்றோம். அவர் அதை விரும்பவில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். 1983இல் அகதி முகாமுக்குப் போகும்போது அவர் பாட்டனார் உடுதுணிகளோடு சுற்றி எடுத்துச் சென்ற ஒலிநாடாக்கள் அதிலிருந்தன, ஒன்பது. ஒன்றில் பென்சிலால் ‘வானொலி நாடகம்’ என்று எழுதியிருந்தது. நம்மிடமிருந்த பழைய பெட்டியின் பட்டி அறுந்து கிடந்தது. காலி வீதியில் திருத்துபவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, புதுப்பட்டி போட்டு, சனிக்கிழமை மாலை எல்லோருமாக இருந்து கேட்டோம். ஓய்வுபெற்ற நண்பரும் வந்திருந்தார். இரைச்சலுக்கிடையே ஒரு தாயும் மகனும் பேசும் குரல் தெளிவாகக் கேட்டது. மகன் வேலை தேடிக் கொழும்புக்குப் புறப்படுகிறான். தாய் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். அவ்விடத்தில் ஒரு சொடுக்கொலி. பின்னர் நாடா முடியும்வரை சினிமாப் பாட்டு. வீட்டிலுள்ளோர் எவரோ, எந்த ஆண்டிலோ, அதன் மேலேயே பதிந்துவிட்டனர். மாணவர் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். நண்பர், அந்தத் தாய் சொன்னது தமக்கு நினைவிருக்கிறது என்று கூறிச் சொல்லத் தொடங்கினார். மாணவர் அவரை நிறுத்தி, கைத்தொலைபேசியை அவர் முன் வைத்து, மீண்டும் முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார்.